கடிதம் அவருடைய பெயருக்கு வந்திருக்கிறது

கேள்வி: வணக்கம். எனக்கு 64 வயது, வடமேற்கு லண்டனில் இருக்கிறேன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள அலொட்மென்ட்டில், வாடகைக்கு எடுத்த ஒரு தோட்டத் துண்டில், என் கணவர் 13 வருஷமாகத் தோட்டம் செய்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு நோய் வந்தது, போன நவம்பரில் காலமாகிவிட்டார். அவர் படுத்த பிறகு நான் தனியாக முடிந்ததைச் செய்தேன். முன்பாதியில் கீரையும் மிளகாயும் சுரையும் இருக்கின்றன. பின்பாதி முழுவதும் புல்லும் முள்ளும் ஏறிவிட்டது. போன கிழமை அந்தத் தளத்தை நடத்தும் சங்கத்திலிருந்து அவருடைய பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. காணி பராமரிப்பில்லாமல் கிடக்கிறது, 28 நாளுக்குள் திருத்தாவிட்டால் மேல்நடவடிக்கை என்று. கீரைப் பாத்தியையும் களை என்றே எழுதியிருக்கிறார்கள். பக்கத்துத் துண்டுக்காரர் ஒரு வயதான வெள்ளைக்காரர். முன்பு என் கணவருடன் நன்றாகக் கதைப்பார். இப்போது என்னைக் கண்டால் முகம் திருப்புகிறார். போன வருஷம் என் சுரைப் பந்தல் தன் வெங்காயத்தை மறைக்கிறது என்று சத்தம் போட்டார். அவர்தான் முறையிட்டிருப்பார். கோயிலில் தெரிந்தவர்கள், தமிழர் என்பதால்தான் இப்படிச் செய்கிறார்கள் என்கிறார்கள். மகள் விட்டுவிடச் சொல்கிறாள். எனக்கு மனமில்லை. என் கணவர் சேர்த்து வைத்த போஞ்சி விதை டின்கூட ஷெட்டில் அப்படியே இருக்கிறது. தோட்டத்தைப் பறிக்க அவர்களால் முடியுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள அக்கா,

உங்கள் கணவரின் மறைவுக்கு என் அனுதாபங்கள். 28 நாளில் ஒரு கிழமை ஏற்கெனவே போய்விட்டதால், அவசரமான பகுதியை உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே முழுதாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். சங்கத்தின் கடிதம் "அவருடைய பெயருக்கு" வந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் அவர் காலமானது சங்கத்துக்குத் தெரியாது. அதற்கு முன் நோயில் கிடந்ததும் தெரியாது. வாடகை வழமைபோல அவருடைய கணக்கிலிருந்து போயிருக்கும். தோட்டத்துக்கு மட்டும் அவர் வரவில்லை. செயலாளரின் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்: ஒருவர் இரண்டு வருஷமாக வருவதில்லை, பாதித் துண்டு காடாகிவிட்டது, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

நோயை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பது எங்களுடைய பழக்கம். சொன்னால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள், பரிதாபப்படுவார்கள், அது வேண்டாம் என்று நினைப்போம். வீட்டுக்குள் அது சரியாக இருக்கலாம். அலொட்மென்ட்டில் அந்த மௌனத்தை மற்றவர்கள் "இவர்களுக்கு இனித் தோட்டம் வேண்டாம்" என்றுதான் வாசிப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டில் தோட்டச் சங்கங்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். துண்டு பறிபோன தமிழ்க் குடும்பங்களில் நான் நேரில் கண்ட பெரும்பாலானவை களையால் இழக்கவில்லை. சொல்லாமல் விட்டதால் இழந்தன. ஒரு வீட்டில் தகப்பனுக்குப் பக்கவாதம். மகன் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். மூன்று கடிதம் வந்தது, மூன்றையும் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டான். நாலாவதாக வந்தது வெளியேறும் அறிவித்தல். அந்தச் செயலாளர் பிறகு என்னிடம் சொன்னார், ஒரு ஃபோன் வந்திருந்தால் அந்த வருஷம் முழுவதும் பொறுத்திருப்போம் என்று.

ஆகவே முதல் வேலை, இன்றைக்கே செயலாளருக்கு ஃபோன் எடுப்பது. உங்களுக்கு ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருந்தால் மகளைப் பேசச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் இருங்கள். அன்று மாலையே அதை மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள், எழுத்தில் இருக்க வேண்டும். நாலைந்து வரி போதும்: இன்ன இலக்கத் துண்டை வைத்திருந்த என் கணவர் இன்ன திகதியில் காலமானார். அதற்கு முன் ஒன்றரை வருஷமளவு நோயாக இருந்தார். அவரோடு சேர்ந்து நான்தான் தோட்டம் செய்து வந்தேன், என் பெயரில் தொடர விரும்புகிறேன். இன்ன இன்ன வேலையை இன்ன திகதிக்குள் செய்வேன், மிச்சத்துக்கு ஒக்டோபர் முடியும் வரை அவகாசம் தாருங்கள். மன்னிப்பு, விளக்கம், பழைய கதை எதுவும் அதில் வேண்டாம்.

"பறிக்க முடியுமா" என்று கேட்டீர்கள். முடியும். மறைக்காமல் சொல்கிறேன். "காணி" என்று நாங்கள் சொன்னாலும் அது ஊரில் உறுதி எழுதிய காணி போன்றதல்ல, வருஷ வாடகைக்கு வைத்திருக்கும் துண்டு. அலொட்மென்ட்டுகளுக்கு 1908ஆம் வருஷச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. வாடகை 40 நாளுக்கு மேல் நிலுவையாக இருந்தாலோ, குத்தகை தொடங்கி மூன்று மாதம் கழிந்தபின் விதியை மீறினாலோ, ஒரு மாத எழுத்து அறிவித்தலோடு கவுன்சில் குத்தகையை முடிக்கலாம். உங்கள் தளத்தைச் சங்கம் நடத்துவதால், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருப்பதுதான் அன்றாடம் செல்லும். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது முதல் எச்சரிக்கை. வெளியேறும் அறிவித்தல் வேறு கடிதம். வழக்கமாக இந்த எச்சரிக்கைக்குப் பிறகு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அப்போது திருத்தம் கண்ணில் பட்டால் விஷயம் அதோடு நின்றுவிடும்.

களையைவிடப் பெரிய விஷயம் ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்பது. பல ஒப்பந்தங்களில், வைத்திருப்பவர் இறந்தால் குத்தகையும் முடிந்தது என்று இருக்கும். மனைவிக்கோ பிள்ளைக்கோ தானாக வந்து சேராது. ஆனால் கூடவே வேலை செய்த துணைவருக்குப் புதிய ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது சங்கங்களில் சாதாரணமாக நடக்கிறது. உங்கள் பெயர் இணைப் பயிரிடுபவராகப் பதிவாகியிருக்கிறதா என்று அவருடைய கடதாசிகளைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டாலும் கேளுங்கள். இதைச் சொல்லாமல் அவருடைய பெயரிலேயே வாடகை கட்டிக்கொண்டு போவதுதான் ஆபத்து. இரண்டு வருஷம் கழித்து யாராவது கண்டுபிடித்தால், அப்போது உங்களுக்குப் பேச இடமிருக்காது.

சங்கம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தச் செயலாளரும் சம்பளமில்லாமல் வேலை செய்யும் இன்னொரு துண்டுக்காரர்தான். லண்டனில் பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் வருஷக்கணக்கில் நீளமானது. 2020இல் எல்லோரும் வீட்டில் அடைபட்டபோது அது இன்னும் நீண்டது. மாடி வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒருத்தி, "வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு சும்மா கிடக்கிறதே, எனக்குத் தந்தால் என்ன" என்று கேட்கும்போது அவர் பதில் சொல்ல வேண்டும். அதோடு ஒரு துண்டைக் கவனிக்காமல் விட்டால் சுற்றியுள்ள மூன்று துண்டுக்கும் வேலை கூடுகிறது. புல் நடைபாதைக்கு அடியால் வேரோடிப் போகும். மண்ணில் தப்பிய பழைய உருளைக்கிழங்கு தானாக முளைத்து, அதில் பிளைட் என்னும் வெப்பு நோய் இருந்தால், யூலை, ஓகஸ்ட் மழையிலும் காற்றிலும் பக்கத்துத் தக்காளி வரை பரவும். 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியதும் இதே நோய்தான். உங்கள் பின்பாதியில் அப்படி உருளைக்கிழங்குச் செடி ஏதாவது நின்றால், வேறு எதையும் தொடுமுன் அதைக் கிழங்கோடு பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

ஊரில் பங்குக் கிணறு வைத்திருந்தவர்களுக்கு இது விளங்கும். உறுதியில் "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்" என்று எழுதியிருக்கும். தோட்டம் அவரவருடையது. கிணறும் வழியும் வாய்க்காலும் எல்லோருக்கும் பொது. இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை இருக்கும். முறைக்காரருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து ஒருவர் போய், "இன்றைக்கு வரமாட்டார், நீங்கள் இறையுங்கோ" என்று சொல்லிவிட்டு வருவார். சொல்லாமல் விட்டால் அன்றைய தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் போகும், மனக்கசப்பும் வரும். லண்டன் அலொட்மென்ட்டில் கிணற்றுக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, முறைக்குப் பதிலாக விதிப் புத்தகம் இருக்கிறது. சொல்லிவிடும் கடமை அப்படியே இருக்கிறது.

சரி, மண்ணுக்கு வருவோம். முழுத் துண்டு என்றால் பழைய அளவில் பத்து ரொட். ரொட் என்பதும் ஊரில் சொல்லும் பேர்ச் என்பதும் ஒன்றுதான். பத்து பேர்ச் என்பது யாழ்ப்பாணக் கணக்கில் ஏறத்தாழ ஒரு பரப்பு, மீற்றரில் 250 சதுர மீற்றர். இரண்டு பேர் செய்த ஒரு பரப்பை 64 வயதில் ஒருவர் தனியாகச் செய்வது கஷ்டம். என் யோசனை, பின்பாதியைத் திருப்பிக் கொடுக்க முன்வருவதாக அதே மின்னஞ்சலில் எழுதுங்கள். 125 சதுர மீற்றர் உங்களுக்கும் வரப்போகும் பேரப்பிள்ளைகளுக்கும் தாராளம். பாதியைக் கொடுப்பவரிடம் மறுபாதியையும் பறிக்க எந்தக் குழுவுக்கும் மனம் வராது. பட்டியலில் காத்திருக்கும் ஒரு குடும்பமும் உள்ளே வரும். ஒன்று மட்டும்: அந்தப் பாதியைத் தெரிந்த தமிழ்க் குடும்பத்துக்கு நீங்களாகக் கைமாற்ற முடியாது. அது பட்டியல்படிதான் போகும். கேட்டு வருகிறவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

முழுவதையும் வைத்திருக்கத்தான் ஆசை என்றால், 28 நாளில் எல்லாவற்றையும் கொத்திப் புரட்ட நினைக்க வேண்டாம். உழவு மெஷின் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். உங்கள் தோட்டத்தில் ஏறியிருப்பது பெரும்பாலும் கௌச் புல்லாக இருக்கும். ஒரு பிடி மண்ணைத் தோண்டிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக, இடியப்பம் பிழிந்தது போல நீட்டு நீட்டாகக் கிடக்கும். அது வேர் மாதிரித் தெரிந்தாலும் நிலத்தடித் தண்டு. கணுவுக்குக் கணு முளைக்கும். மெஷின் அதை நூறு துண்டாக வெட்டினால் நூறும் செடியாகும். புல்லை நிலமட்டத்துக்கு வெட்டுங்கள். கடைகளில் கிடைக்கும் பெரிய கார்ட்போர்ட் பெட்டிகளை, டேப்பை உரித்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரியுங்கள். மேலே கறுப்புத் தோட்டச் சீட் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். பழைய கார்பெட் போட வேண்டாம், பல தளங்களில் அது தடை. அந்தச் சீட்டில் இரண்டு மீற்றருக்கு ஒரு ஓட்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மண்வெட்டி எரு போட்டு, பூசணிக் கன்று நட்டுவிடுங்கள். ஜூன் முடிவதற்குள் நட்டால் இன்னும் காலமிருக்கிறது. ஓகஸ்டில் கொடி படர்ந்து சீட்டே தெரியாது. கீழே வெளிச்சமில்லாமல் புல் வாடும், மேலே பயிர் நிற்கும். பார்க்க வருகிறவர் "பயிரிட்ட நிலம்" என்று குறித்துக்கொண்டு போவார். கௌச் முழுதாகச் சாக ஒரு வருஷமாவது ஆகும். நீங்கள் இப்போது காட்ட வேண்டியது வேலை தொடங்கிவிட்டது என்பதைத்தான்.

முட்பற்றையில் மட்டும் அவசரப்படாதீர்கள். இது குருவிகள் கூடு கட்டும் காலம். குஞ்சோ முட்டையோ உள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் வருஷ வனஜீவிச் சட்டப்படி குற்றம். நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் கிளைகளை, உள்ளே பார்த்துவிட்டு, வெட்டுங்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கும் வேலையை செப்டெம்பரில் செய்வதாக மின்னஞ்சலில் காரணத்தோடு எழுதுங்கள். குருவிக் கூட்டைக் காரணமாகக் காட்டினால் ஒரு ஆங்கிலேயத் தோட்டக்காரரும் மறுக்கமாட்டார்.

தொடங்குமுன் ஒரு படம், கிழமைக்கு ஒரு படம், ஒரே இடத்தில் நின்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு என்று ஒன்று வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

கீரையைக் களை என்று எழுதியது உங்களுக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்று தெரிகிறது. அதை அவமதிப்பாக எடுக்காதீர்கள். இந்த நாட்டில் கீரைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று வயல் ஓரத்தில் களையாகவே வளர்கிறது. இளங்கன்றில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பழகாத கண்ணுக்குக் கஷ்டம். அதிலும் உங்கள் பாத்தி போன வருஷ விதை சிந்தித் தானாக முளைத்ததாக இருந்தால், வரிசையில்லாமல் அடர்ந்து நிற்கும். களை என்றுதான் தோன்றும். பலகையோ கயிறோ போட்டுப் பாத்தியின் எல்லையைக் காட்டுங்கள். நடுவில் நடக்க ஒரு ஒற்றையடி விடுங்கள். பெரிய குச்சியில் ஆங்கிலத்தில் பெயரை எழுதி, உண்ணும் கீரை என்றும் சேர்த்து எழுதி நாட்டுங்கள். வெந்தயத்துக்கும் அப்படியே. உங்கள் தளத்தில் கரீபியன் ஆட்கள் இருந்தால் அவர்களிடம் காட்டுங்கள், அவர்கள் அதே கீரையைக் கலலூ என்று சமைக்கிறார்கள். பங்களாதேஷ்காரர் சிவப்புக் கீரையை லால் ஷாக் என்பார்கள். மூன்று வீட்டில் சாப்பிடும் செடி என்று மூன்று பேர் சொன்னால் அடுத்த முறை யாரும் களைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். நான் போய்வந்த ஒரு தளத்தில், யமேக்காவிலிருந்து வந்த ஒரு ஐயாவும் கரவெட்டி அம்மா ஒருவரும் தொட்டியடியில் நின்று தண்டு எவ்வளவு முற்றும்வரை பொறுக்கலாம் என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது நாற்பது ஐம்பது ஆங்கிலச் சொற்கள். மற்றதெல்லாம் கையாலே காட்டினார்கள்.

இனிப் பக்கத்துத் துண்டுக்காரர். அவர்தான் முறையிட்டார் என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் அது உங்களுக்குத் தெரியாது. பாதித் துண்டு காடாக இருந்தால் பார்க்க வருகிறவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பந்தல் விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஊரில் பந்தல் போட்டால் நிழல் பந்தலுக்குக் கீழேயே விழும். யாழ்ப்பாணத்தில் செப்டெம்பர் கடைசியில் உச்சி வெயிலில் இரண்டு மீற்றர் உயரப் பந்தலின் நிழல் ஒன்றரை அடிக்கு மேல் வெளியே போகாது. லண்டனில் அதே நாளில், அதே உச்சி நேரத்தில், அந்த நிழல் வடக்குப் பக்கமாக இரண்டரை மீற்றர் நீளும். ஓகஸ்ட் கடைசியிலேயே கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மீற்றர். நடைபாதை இரண்டடிதான். மிச்சம் முழுவதும் யாருடைய பாத்தியில் விழுகிறது என்று பாருங்கள். வெங்காயம் முற்றித் தாள் வாடுகிற நேரத்தில்தான் அதற்கு வெயில் வேண்டும், உங்கள் சுரை பந்தல் முழுக்க ஏறுவதும் அதே நேரம். அவர் சத்தம் போட்டது முறையல்ல. ஆனால் அந்தச் சத்தம் வெங்காயத்துக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். இந்த நாட்டுத் தோட்டக்காரர் பலருக்கு வெங்காயமும் லீக்ஸும் செப்டெம்பர் கண்காட்சியில் வைக்கும் பயிர்கள். வருஷம் முழுவதும் அதற்காகவே உழைப்பார்கள்.

இந்த வருஷம் பந்தலை அவருடைய பக்கத்திலிருந்து மூன்று மீற்றராவது தள்ளிப் போடுங்கள், அல்லது பந்தலின் நிழல் உங்கள் துண்டுக்குள்ளேயே விழுகிற இடத்துக்கு மாற்றுங்கள். பந்தலுக்கு எழுத்தில் அனுமதி வேண்டுமா என்றும் விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் வேண்டும். கொடியை நடைபாதையில் விடவே வேண்டாம். வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள்.

அதைவிட முக்கியம், அவரிடம் போய்ச் சொல்லுங்கள். உங்கள் கணவரோடு நன்றாகக் கதைத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்துப் பதினொரு வருஷம் பக்கத்தில் நின்று தோட்டம் செய்த மனிதன் ஒருநாள் வராமல் விட்டார், ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு போனாரா, தன்னோடு ஏதும் மனத்தாங்கலா என்று அவர் நினைத்திருக்கவும் கூடும். அவர் காலமானது இந்த மனிதருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். பேச்சைத் தொடங்கப் பந்தலோ கடிதமோ வேண்டாம். "என் கணவர் நவம்பரில் இறந்துவிட்டார், நீங்கள் அவருடைய நண்பர், உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்." இதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். பந்தலை நகர்த்துகிறேன் என்பதை இன்னொரு நாள் சொல்லலாம். அவருடைய முகம் இரண்டு நாளில் திரும்பாமலும் போகலாம், அப்படியானால் விட்டுவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள்.

தமிழர் என்பதால்தானா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். அப்படி நடப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சங்கக் கூட்டத்தில் "அந்த ஆட்களுடைய கொடிகள்" என்று ஒருவர் சொன்னபோது எழுந்து நின்று மறுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே உங்கள் கோயில் ஆட்கள் சொல்வதை வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லுமுன் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை தளம் முழுவதும் மெல்ல நடந்து பாருங்கள். உங்களுடையதைப் போலக் காடாகிக் கிடக்கும் துண்டுகள் எத்தனை, அவர்களுக்கும் கடிதம் போனதா என்று விசாரியுங்கள். எல்லோருக்கும் போயிருந்தால் அது வழமையான சுற்று. வெளிநாட்டுப் பெயர்களுக்கு மட்டும் போயிருந்தால் திகதியோடு குறித்து வையுங்கள். 2010ஆம் வருஷச் சமத்துவச் சட்டம் கவுன்சிலையும் கட்டுப்படுத்தும், 25 பேரும் அதற்கு மேலும் உள்ள சங்கங்களையும் கட்டுப்படுத்தும். அந்தக் குறிப்பை வைத்து நீங்கள் கவுன்சிலிடம் முறையிடலாம். எனக்கும் எழுதுங்கள், நான் கூட வருகிறேன். இப்போதைக்கு, சங்கத்துக்கு இந்த மரணம் தெரியாமலே அந்தக் கடிதம் வந்தது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். தெரிந்த பிறகு அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில் உண்மை தெரிந்துவிடும்.

மகள் விடச் சொல்வதில் உங்கள் மேலுள்ள அக்கறைதான் இருக்கிறது. மழையில் தனியாகப் போய் ஷெட்டடியில் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று அவள் பயப்படுகிறாள். அதற்குப் பதில் சொல்லுங்கள். ஃபோன் கையில் இல்லாமல் போவதில்லை, இருட்டுமுன் வீட்டுக்கு, கடும் வேலைக்கு ஞாயிறு மட்டும் என்று அவளோடு பேசி முடிவெடுங்கள். மகளை இணைப் பயிரிடுபவராகப் பதியச் சொல்லியும் கேட்கலாம். அவள் வராவிட்டாலும் பெயர் இருக்கட்டும், இனி ஒரு கடிதம் வந்தால் இரண்டு பேர் பார்ப்பீர்கள். சங்கம் ஞாயிறில் கூட்டு வேலை நாள் வைத்தால் தவறாமல் போங்கள். மண் சுமக்க முடியாவிட்டால் தேநீர் ஊற்றிக் கொடுங்கள். முகம் தெரிந்தவருக்குக் கடிதம் அனுப்புமுன் ஆட்கள் ஒருமுறை நேரில் வந்து கேட்பார்கள்.

ஆனால் ஒன்றை மகளிடம் நான் உங்கள் சார்பில் சொல்வேன். துக்கம் நடந்து ஒரு வருஷம் ஆகுமுன் தோட்டத்தை விடுவதா வைப்பதா என்று தீர்மானிக்க வேண்டாம். இந்தப் பருவம் முடியட்டும். நவம்பர் முடிந்து, கொடியெல்லாம் இழுத்துப் போட்ட பிறகு, உங்களுக்கு இன்னும் அங்கே போக வேண்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது விடத் தோன்றினால் நிம்மதியாக விடலாம்.

அந்தப் போஞ்சி விதை டின்னை இன்றைக்கே ஷெட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஷெட் ஈரம் விதைக்கு ஆகாது. போஞ்சி விதை உலர்ந்த இடத்தில் மூன்று வருஷமளவும் முளைக்கும். அவர் நோயில் விழுந்த வருஷத்து விதை என்றால் காலம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைசி எல்லையில் இருக்கிறது. பத்து விதையை எண்ணி எடுத்து ஈரத் துணியில் சுற்றி, சமையலறையில் சூடான மூலையில் வையுங்கள். ஒரு கிழமையில் ஐந்தாறு முளைத்தால் நல்ல விதை. குழிக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விதை போட்டு, ஜூன் மாதம் முடிவதற்குள் ஊன்றிவிடுங்கள். பத்தில் இரண்டுதான் முளைத்தாலும் எறிய வேண்டாம். டின்னில் உள்ள எல்லாவற்றையும் துணியில் முளைக்க வைத்து, முளைத்ததை மட்டும் சிறு சட்டிகளில் நட்டு, இரண்டு இலை விட்டதும் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு கம்பில் ஏறும் இரண்டு மூன்று கொடியின் காயைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். ஓடு காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்போது பறித்து எடுத்து வையுங்கள். அடுத்த வருஷத்துக்கு அதுவே போதும்.